காருக்குப் புது நிறம் பூசுமுன் கணக்கைப் பாருங்கள்

2025ஆம் ஆண்டு நோன்பு காலத்தில் ஒருநாள் அஸர் தொழுதுவிட்டுக் கடைக்குத் திரும்பியபோது என் தங்கையின் மகன் வாசலில் காரை நிறுத்திவிட்டுக் காத்திருந்தான். 2014இல் தயாரான சிறிய டொயோட்டா, வெள்ளி நிறம். ஒரு கம்பனிக்கு ஹயர் ஓடுகிறான். அந்த வருமானத்தில்தான் அவனது வீடு நடக்கிறது.

“மாமா, இந்தக் காரை பேர்ல் வெள்ளையாக மாற்றப் போறேன். ஒன்று அறுபதுக்குச் செய்து தாறாங்களாம். கொஞ்சம் கைமாற்றுத் தர ஏலுமா?” என்று கேட்டான்.

ஏன் இந்த அவசரம் என்று விசாரித்தேன். காரை விற்றுவிட்டு, பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றிச் செல்ல ஒரு வேன் எடுக்கப் போகிறானாம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதிலிருந்து பழைய வாகனங்களுக்கு நல்ல விலை இருந்தது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்ததும், விலை இறங்கிவிடும் என்ற பயம் பலருக்கும் வந்தது. அதற்கு முன் கைமாற்றிவிட வேண்டும் என்பது அவனது எண்ணம். “வெள்ளைக்குத்தான் மாமா கேள்வி அதிகம்” என்றான்.

“காசு தருவது பெரிய விசயமில்லை மகன். அந்த ஒன்று அறுபதில் என்னென்ன வேலை அடங்கும் என்று கேட்டாயா?” என்றேன். கேட்கவில்லை. அதனால் மூன்று நாட்கள் அஸருக்குப் பின் நோன்பு திறப்பதற்குள் மூன்று கராஜ்களுக்கு அவனுடன் போய் வந்தேன். அங்கே தெரிந்துகொண்டதை வாசகர்களுக்கும் சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன். ஏனெனில் மருமகன் நினைத்ததைப் போலத்தான் நம்மில் பலரும் நினைக்கிறோம்.

ஒரே கார், மூன்று விலை

முதல் கராஜில் 160,000 ரூபா என்றார்கள். வீதியோரத்தில் தகரக் கூரை போட்ட இடம். இரண்டாவது இடத்தில், முப்பது வருடமாகப் பெயின்ட் வேலை செய்யும் ஒரு பாஸ் காரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு 285,000 ரூபா சொன்னார். மூன்றாவது இடம் பெரியது. கண்ணாடி அறை போன்ற பெயின்ட் பூத் வைத்திருந்தார்கள். அவர்கள் 475,000 ரூபா என்று எழுதி, அதற்குமேல் 18 வீதம் வற் வரியும் போட்டார்கள். வரி மட்டும் 85,500 ரூபா. மொத்தம் 560,500 ரூபா.

ஒரே காருக்கு இப்படி மூன்று மடங்கு வித்தியாசம் எப்படி வருகிறது? பாஸிடமே கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டு, “முதலாளி, மூன்று பேரும் ஒரே வேலைக்கு விலை சொல்லவில்லை” என்றார். இந்த வார்த்தையை நன்றாகப் புரிந்துகொண்டால் பாதி ஏமாற்றம் குறைந்துவிடும்.

முதல் கராஜில் சொன்ன விலை வெளிப்புறத்துக்கு மட்டும். கதவைத் திறந்தால் ஓரங்களில் பழைய வெள்ளி நிறம் இருக்கும். பொனட்டைத் தூக்கினால் உள்ளே வெள்ளி நிறம். டிக்கியின் ஓரம், எண்ணெய் ஊற்றும் மூடியின் உட்புறம் எல்லாம் பழைய நிறமே. இரண்டாவது பாஸ் கதவு ஓரங்களையும் டிக்கியின் உள் ஓரங்களையும் சேர்த்தார். மூன்றாவது இடத்தில் கதவு, பொனட், பம்பர், விளக்கு எல்லாவற்றையும் கழற்றி, ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பூசிப் பொருத்துவார்கள்.

அதே நிறத்தை மறுபடி பூசுவதற்கும் வேறு நிறத்துக்கு மாற்றுவதற்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. அதே நிறமென்றால் ஓரங்களில் கை வைக்கத் தேவையில்லை. வேறு நிறமென்றால் கண்ணில் படும் ஒவ்வொரு மூலையும் வேலைதான். அதே வெள்ளி நிறத்தையே பூசுவதென்றால் 220,000 ரூபாவுக்கு முடித்துத் தரலாம் என்று பாஸ் சொன்னார். ஆக, நிறத்தை மாற்றும் ஆசைக்கு மட்டும் 65,000 ரூபா.

நான் புடவை வியாபாரி. துணியைச் சாயத்தில் முக்கினால் ஒவ்வொரு நூலிலும் சாயம் ஏறும். காரைத் தொழிற்சாலையில் செய்யும்போதும் கிட்டத்தட்ட அப்படித்தான் செய்கிறார்கள். எஞ்சினும் இருக்கையும் கண்ணாடியும் இல்லாத வெறும் உடலைத் தொட்டியில் முக்கி, மின்சாரத்தின் உதவியால் துருப்பிடிக்காத முதல் பூச்சை மூலை முடுக்கெல்லாம் ஏற்றுகிறார்கள். பிறகு மற்றப் பூச்சுகளைப் பூசி ஏறத்தாழ 140 பாகை சூட்டில் காய வைக்கிறார்கள். முழுதாகப் பொருத்திய காரை அவ்வளவு சூட்டில் வைக்க முடியாது. பிளாஸ்டிக்கும் வயரும் றப்பரும் கெட்டுவிடும். பெயின்ட் பூத்தில் 60 பாகை அளவில்தான் காய வைக்கிறார்கள். கராஜ் வேலை எவ்வளவு நன்றாக இருந்தாலும் தொழிற்சாலைப் பூச்சுக்குச் சமமாகாது என்று சொல்வது இதனால்தான்.

அந்த 285,000 எங்கே போகிறது?

பாஸ் ஒரு பழைய கொப்பியில் எனக்குக் கணக்கு எழுதிக் காட்டினார். கூலி 120,000. நிறப் பெயின்ட், மேலே பூசும் கிளியர், காடினர், தின்னர் ஆகியவற்றுக்கு 95,000. புட்டி, பிரைமர், அரத்தாள், மறைப்பு டேப் என்பவற்றுக்கு 35,000. நிறம் மாறுவதால் கழற்றிப் பூட்டுவதற்கும் ஓரங்களைப் பூசுவதற்கும் 35,000.

கூலி ஏன் இவ்வளவு? பெயின்ட் அடிப்பது ஒரு நாள் வேலை. அதற்கு முன்னுள்ள வேலைதான் ஒரு வாரம் எடுக்கிறது. பழைய பூச்சைத் தேய்க்க வேண்டும். நெளிவுகளை எடுத்துப் புட்டி வைத்து, கரடு முரடான அரத்தாளில் தொடங்கி மென்மையானது வரை படிப்படியாகத் தேய்க்க வேண்டும். பிரைமர் பூசி, காய்ந்த பின் அதையும் தண்ணீர் விட்டுத் தேய்க்க வேண்டும். விலையைக் குறைப்பவர் இந்த இடத்தில்தான் குறைக்கிறார். காரைத் திரும்ப எடுக்கும் நாளில் அது கண்ணுக்குத் தெரியாது. ஆறு மாதமோ ஒரு வருடமோ வெயிலிலும் மழையிலும் நின்ற பிறகு பூச்சு உரியும், பொக்களிக்கும், புட்டி வைத்த இடத்தின் ஓரம் கோடாகத் தெரியும்.

நிறத்துக்கு நிறம் விலையும் மாறும். சாதாரண வெள்ளை மலிவு. வெள்ளி போன்ற மெட்டாலிக் நிறத்துக்கு மேலே கிளியர் பூச்சு கட்டாயம். பேர்ல் வெள்ளைக்கு அடியில் வெள்ளை, நடுவில் பேர்ல், மேலே கிளியர் என்று மூன்று கட்டம். நடுப் பூச்சு ஓரிடத்தில் தடித்தாலும் அந்த இடத்தின் நிறம் வேறாகத் தெரியும். டொயோட்டாக்காரர்கள் சாதாரண வெள்ளைக்கு 040 என்றும், பேர்ல் வெள்ளைக்கு 070 என்றும் இலக்கம் வைத்திருப்பது இதனால்தான். வெள்ளை என்று சொன்னால் மட்டும் போதாது, எந்த வெள்ளை என்றும் பேசிக்கொள்ள வேண்டும்.

பொருட்களின் விலை ஏன் ஏறியது என்று கேட்கத் தேவையில்லை. இவற்றில் பெரும்பாலானவை வெளிநாட்டிலிருந்து வருபவை. 2022இன் தொடக்கத்தில் 200 ரூபா அளவிலிருந்த டொலர் அதே ஆண்டு மே மாதத்தில் 360 ரூபாவைத் தாண்டியது. பின்னர் ஓரளவு இறங்கினாலும் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. வற் வரியும் 2024 ஜனவரியிலிருந்து 18 வீதமாகியது.

மலிவான விலைக்கு இன்னொரு காரணமும் உண்டு. முதல் கராஜில் பதினெட்டு வயதும் இராத ஒரு பையன் மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தான். காடினர் கலந்த இக்காலப் பெயின்ட்டுகளில் ஐசோசயனேட் என்ற இரசாயனம் இருக்கிறது. அதன் புகாரைத் தொடர்ந்து சுவாசித்தால் ஆஸ்துமா வரும். கைக்குட்டை அதைத் தடுக்காது. அதற்குரிய முகமூடியும் காற்று வெளியேறும் அறையும் வேண்டும். மிச்சம் பிடித்த காசின் ஒரு பங்கை அந்தப் பிள்ளையின் நெஞ்சு கட்டுகிறது. விலை பேசும்போது இதையும் யோசிப்பது நமது கடமை.

பற்றுச்சீட்டில் வராத செலவுகள்

முதலாவது, கார் நிற்கும் நாட்கள். பாஸ் பன்னிரண்டு நாட்கள் கேட்டார். மருமகனுக்குச் செலவு போக ஒரு நாளைக்கு 4,000 ரூபா கையில் மிஞ்சும். பன்னிரண்டு நாளைக்கு 48,000. ஆகவே 285,000 என்பது உண்மையில் 333,000.

இரண்டாவது, பத்திர வேலை. நமது வாகனப் பதிவுப் புத்தகத்தில் நிறமும் எழுதப்பட்டிருக்கிறது. நிறத்தை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துத் திருத்திக்கொள்ள வேண்டும். புத்தகத்தில் வெள்ளி, வீதியில் வெள்ளை என்றிருந்தால், பொலிஸார் மறிக்கும்போது திருட்டு வாகனமோ என்று சந்தேகப்படுவதில் தவறில்லை. வாங்க வருபவரும் அதே சந்தேகத்துடன்தான் பார்ப்பார். கட்டணமும் தேவையான பத்திரங்களும் காலத்துக்குக் காலம் மாறுபவை. காரைக் கராஜில் விடுவதற்கு முன்னரே திணைக்களத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

லீசிங்கில் எடுத்த வாகனமென்றால் நிறுவனத்தின் சம்மதத்தையும் பெற வேண்டும். இஜாரா முறையில் எடுத்தவர்கள் இதை இன்னும் கவனிக்க வேண்டும். அந்த முறையில் வாகனம் நிறுவனத்துக்குச் சொந்தம், நாம் வாடகைக்குப் பாவிக்கிறோம். பிறருடைய பொருளின் தோற்றத்தை அனுமதியின்றி மாற்ற நமக்கு உரிமை கிடையாது.

மூன்றாவது, காப்புறுதி. காப்புறுதிக் கம்பனிக்கும் எழுத்தில் அறிவித்துவிடுங்கள். விபத்து நடந்த பிறகு ஆவணத்தில் ஒரு நிறம், வாகனத்தில் வேறு நிறம் என்று விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பது வீண் தலையிடி.

நான்காவதுதான் பெரியது. அது விற்கும்போது குறையும் விலை. நிறம் மாற்றினால் விலை கூடும் என்று மருமகன் நினைத்தான். சந்தையில் நடப்பது பெரும்பாலும் இதற்கு மாறானது. பொனட்டுக்குக் கீழோ கதவுத் தூணிலோ ஒரு சிறிய தகட்டில் தொழிற்சாலை நிறத்தின் இலக்கம் இருக்கும். மருமகனின் காரில் 1எப்7 என்று இருந்தது. அது டொயோட்டாவின் வெள்ளி நிறம். வெளியே வெள்ளையாக இருக்கும் காரின் தகட்டில் வெள்ளியின் இலக்கத்தைக் கண்டால், விசயம் தெரிந்தவர் கேட்கும் முதல் கேள்வி, “எங்கே அடிபட்டது?” என்பதுதான்.

இப்போது மதிப்பீட்டாளர்கள் பெயின்ட்டின் தடிப்பை அளக்கும் சிறிய கருவியையும் கொண்டு வருகிறார்கள். தொழிற்சாலைப் பூச்சு பொதுவாக 100 முதல் 150 மைக்ரோன் அளவில் இருக்கும். மேலே இன்னொரு பூச்சு ஏறினால் அது இரட்டிப்பாகும். புட்டி இருக்கும் இடத்தில் ஆயிரத்தையும் தாண்டிவிடும். கருவி இல்லாதவர்கள் சிறிய காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி வைத்துப் பார்க்கலாம். புட்டி தடிப்பாக இருக்கும் இடத்தில் காந்தம் சரியாக ஒட்டாது.

கதவைத் தட்டியபோது தெரிந்த விசயம்

இரண்டாவது கராஜில் பாஸ் காரைச் சுற்றி வந்தார் என்று சொன்னேன் அல்லவா? இடது பக்கப் பின்கதவுக்கு வந்ததும் விரலால் தட்டினார். மற்றக் கதவுகளில் வந்த சத்தம் இதில் வரவில்லை. சட்டைப் பையிலிருந்து காந்தத்தை எடுத்து வைத்தார். நழுவி விழுந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, என்னைப் பார்த்தார். மருமகன் தலையைக் குனிந்துகொண்டான்.

ஒரு வருடத்துக்கு முன் மதிலில் இடித்திருக்கிறான். மலிவாகப் புட்டி வைத்துப் பூசியதில் அந்தக் கதவின் வெள்ளி நிறம் மற்றக் கதவுகளோடு சேரவில்லை. வெயிலில் பார்த்தால் வேறாகத் தெரிகிறது. அதைப் பார்த்து வாங்க வந்த இருவர் திரும்பிப் போய்விட்டார்கள். முழுக் காரையும் வெள்ளையாக்கிவிட்டால் யாருக்கும் தெரியாது என்பதுதான் உண்மையான திட்டம்.

அவனைக் கடிந்துகொள்ள எனக்கு வாய் வரவில்லை. 1999இல் நானும் இதைச் செய்திருக்கிறேன். கடைக்குப் பாவித்த பழைய வேனின் அடித்தகட்டில் துரு ஏறியிருந்தது. புட்டி வைத்து, கறுப்புப் பெயின்ட் அடித்து, ஒன்றும் சொல்லாமல் விற்றேன். வாங்கியவரும் நம்மவர்தான். நான்கு மாதத்தில் தகடு உதிர்ந்திருக்கிறது. அவர் சண்டைக்கு வரவில்லை. ஒரு ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசல் முற்றத்தில் ஸலாம் சொல்லிவிட்டு, “நானா, நீங்க சொல்லியிருந்தாலும் நான் வாங்கியிருப்பேன். விலையைத்தான் கொஞ்சம் குறைத்திருப்பேன்” என்றார். பிறகு பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்தேன், மன்னிப்பும் கேட்டேன். ஆனால் அந்த முற்றத்தில் நான் நின்ற நிலை இன்றும் மறக்கவில்லை.

நபி (ஸல்) அவர்கள் சந்தையில் தானியக் குவியல் ஒன்றினுள் கையை விட்டுப் பார்த்து, ஈரத்தைக் கண்டு காரணம் கேட்ட செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. மழையில் நனைந்துவிட்டது என்று வியாபாரி சொன்னார். மக்கள் பார்க்கும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட நபியவர்கள், மோசடி செய்பவர் தம்மைச் சேர்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள். அந்த வியாபாரி தானியத்தை நனைக்கவில்லை, மழைதான் நனைத்தது. ஈரத்தைக் கீழே வைத்ததுதான் அவர் செய்த பிழை. புட்டிக்கு மேலே பூசும் பேர்ல் வெள்ளையும் இதே வேலையைத்தான் செய்கிறது. மறைந்திருந்த குறை பின்னர் தெரியவந்தால் பொருளைத் திருப்பிக் கொடுக்க வாங்கியவருக்கு உரிமை உண்டு என்பதும் மார்க்கச் சட்டம். கிதாபுகளில் இதை ‘கியாருல் ஐப்’ என்பார்கள்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் மருமகனிடம் வேனின் கதையைச் சொன்னேன். அடுத்த நாள் அவனாகவே பாஸிடம் போய் வேறு விலை கேட்டான். பழைய புட்டியை எடுத்து, கதவைச் சரியாகத் தட்டி, அதே வெள்ளி நிறத்தைப் பூசி, பக்கத்துத் தகடுகளில் நிறத்தைக் கலந்து விட்டுத் தர 62,000 ரூபா. மெட்டாலிக் நிறத்தில் ஒரு கதவை மட்டும் பூசினால் வித்தியாசம் தெரியும். அதனால்தான் பக்கத்துக்கும் சற்று இழுத்துப் பூச வேண்டியிருக்கிறது. மூன்று நாளில் வேலை முடிந்தது.

வாங்க வந்தவரிடம் கதவைக் காட்டி, நடந்ததைச் சொல்லி, வேலை நடந்தபோது எடுத்த படங்களையும் காட்டினான். அவர் 75,000 ரூபா குறைத்துக் கேட்டார். கொடுத்துவிட்டான். கணக்கைப் பாருங்கள். வேலைக்கு 62,000, கார் நின்ற மூன்று நாளைக்கு 12,000, குறைத்த விலை 75,000. மொத்தம் 149,000. நிறம் மாற்றியிருந்தால் 333,000. ஒன்று அறுபது கராஜின் விலையை விடவும் இது குறைவு. எல்லோருக்கும் இதே கணக்கு வரும் என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த வாகனம் எதிரே வந்தால் மருமகன் முகத்தைத் திருப்பிக்கொள்ளத் தேவையில்லை.

யாருக்குப் பொருத்தம்?

நிறம் மாற்றுவதே பிழை என்று நான் சொல்ல வரவில்லை. கூரையிலும் பொனட்டிலும் கிளியர் பூச்சு உரிந்து, எப்படியும் முழுதாகப் பூசத்தான் வேண்டும் என்ற நிலையிலுள்ள காரை இன்னும் ஐந்தாறு வருடம் நீங்களே ஓட்டப் போகிறீர்கள் என்றால், விரும்பிய நிறத்தைப் பூசிக்கொள்ளுங்கள். வியாபார நிறுவனத்தின் அடையாளத்துக்காக நிறம் வேண்டுமென்றால் வைனில் ஸ்டிக்கர் ஒட்டுவதையும் விசாரித்துப் பாருங்கள். பின்னர் கழற்றலாம், அடியிலுள்ள பெயின்ட்டும் காப்பாற்றப்படும். ஆனால் ஏற்கெனவே உரியும் பெயின்ட்டின் மேல் அது நிற்காது. முழுக் காரின் நிறமும் மாறிவிட்டால் பதிவு விசயத்தையும் கவனிக்க வேண்டும். விற்பதற்காக மட்டும் நிறத்தை மாற்றுவது பெரும்பாலும் நட்டக் கணக்கு.

முற்பணம் கொடுக்குமுன் இவற்றைக் கேளுங்கள்:

1. கதவு ஓரங்கள், பொனட், டிக்கி உட்பகுதி விலையில் அடங்குமா?
2. எந்தெந்தப் பாகங்களைக் கழற்றுவார்கள், எவற்றை டேப் ஒட்டி மறைப்பார்கள்?
3. பெயின்ட்டும் கிளியரும் எந்த வகை, நிறத்தின் இலக்கம் என்ன?
4. துருவும் நெளிவும் கண்டால் மேலதிகச் செலவு எப்படிக் கணக்கிடப்படும்?
5. எத்தனை நாள், பூச்சு உரிந்தால் எவ்வளவு காலத்துக்குப் பொறுப்பு?
6. இவை அனைத்தையும் பற்றுச்சீட்டில் எழுதித் தருவார்களா?

எழுதித் தர மறுப்பவரிடம் காரை விடாதீர்கள். வேலை நடக்கும்போது இரண்டு தடவையாவது போய்ப் பாருங்கள், படமும் எடுத்து வையுங்கள். பிற்காலத்தில் விற்கும் நாளில், வாங்குபவர் கேட்பதற்கு முன் நீங்களே அந்தப் படங்களைக் காட்டுங்கள். விலையில் கொஞ்சம் குறையலாம். பரக்கத் குறையாது, இன்ஷா அல்லாஹ்.